ஃபோல்டரின் பெயர் சாட்சி சொல்லாது

2025 ஏப்ரல் 8 அன்று வெளியான மாதாந்திர அப்டேட் இறங்கியதும், ஏராளமான விண்டோஸ் கணினிகளின் சி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது. பெயர் 'இனெட்பப்'. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, அளவு பூஜ்யம். இணையதளங்களை நடத்தும் சர்வர்களில் இருக்க வேண்டிய பெயர் அது. பிள்ளைகளின் படிப்புக்கும் கரண்ட் பில் கட்டுவதற்கும் வாங்கிய வீட்டு லேப்டாப்பில் அதற்கு என்ன வேலை? சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் பார்த்தவர்களில் பலர் சந்தேகத்தோடு நிற்கவில்லை. வலது கிளிக் செய்து டெலீட் கொடுத்தார்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார்கள்.

சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அறிவிப்பில் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தது: அந்த ஃபோல்டரை அழிக்கக் கூடாது. சிவிஇ-2025-21204 என்று எண்ணிட்ட ஓர் ஓட்டையை அடைத்த வேலையின் பகுதியாகவே அது உருவாக்கப்பட்டது. கணினியில் குறைந்த உரிமையே உள்ள ஒருவர், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பை வைத்து விண்டோஸின் அப்டேட் பகுதியை ஏமாற்றி, முழு உரிமையையும் பறிக்க முடியும் என்பதுதான் அந்த ஓட்டை. காவலுக்கு நிறுத்தியவனையே திருடன் என்று எண்ணி விரட்டிவிட்டார்கள், அதுவும் வீட்டைக் காக்கும் நல்லெண்ணத்தில்.

'பெயர் தெரியாத ஃபோல்டர் என்றால் வைரஸ். அழித்தால் கணினி சுத்தம்' என்ற கருத்து வீடுகளிலும் சர்வீஸ் கடைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கிட்டத்தட்ட பொது அறிவாகவே உலவுகிறது. புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே சி டிரைவைத் திறந்து 'வேண்டாததை' நீக்கிக் கொடுக்கும் உறவுக்காரர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் எண்ணத்தில் குறையில்லை, அளவுகோலில்தான் குறை. இந்த அளவுகோல் இரண்டு முனையிலும் பிழையானது. ஒரு முனையில் நிரபராதியைத் தண்டிக்கிறது. மறுமுனையில், உண்மையான குற்றவாளியின் பக்கம் அதன் கை நீள்வதே இல்லை.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2001-இல் உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் சுற்றியது. உங்கள் கணினியில் எஸ்யுஎல்எஃப்என்பிகே என்ற ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், தெரிந்த எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றது. உண்மையில் அது, நீளமான ஃபைல் பெயர்களை மீட்டுத்தர விண்டோஸ் 98-இல் மைக்ரோசாஃப்டே வைத்திருந்த ஒரு சிறு கருவி. மறு வருடம் அதே கதை, வேறு ஃபைல்: ஜேடிபிஜிஎம்ஜிஆர். ஜாவா நிரல்களைச் சோதிப்பவர்களுக்காக இருந்த அந்த ஃபைலுக்கு ஒரு கரடி பொம்மைப் படம் ஐகானாக இருந்தது. புரியாத பெயர், பொருந்தாத படம். மக்கள் அழித்துத் தள்ள அது போதுமாக இருந்தது.

அந்த இரண்டு மின்னஞ்சல்களிலும் தீங்கு செய்யும் நிரல் ஒரு வரிகூடக் கிடையாது. அழிக்கும் வேலையைக் கணினிக்குச் சொந்தக்காரரே செய்தார். பரப்பும் வேலையையும் அவரே செய்தார். 'தேடிப் பார், இருக்கும்' என்ற வாக்கியமே அந்தப் பொய்க்கு ஆதாரமாகிவிட்டது. விண்டோஸோடு கூடவே வந்த ஃபைலைத் தேடினால் கிடைக்கத்தானே செய்யும்! கால் நூற்றாண்டு கழிந்தும், மின்னஞ்சலின் இடத்தில் காணொளி வந்ததே தவிர, வாதம் மாறவில்லை.

பெயரை வைத்து எடைபோட்டால் விண்டோஸே முதல் குற்றவாளியாகிவிடும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்ற மறைவான ஃபோல்டர் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள், எழுத்தும் எண்ணும் கலந்து யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டியதுபோல் இருக்கும். அளவும் பல ஜிபி வரை போகும். நிறுவிய மென்பொருள்களைப் பழுதுபார்க்கவும் அப்டேட் செய்யவும் முறையாக நீக்கவும் தேவையான மூலங்கள் அவை. அன்று அழித்தால் அன்று ஒன்றும் நடக்காது. மாதங்கள் கழித்து ஆஃபிஸையோ பிரின்டர் மென்பொருளையோ அப்டேட் செய்யும்போது 'மூல ஃபைல் இல்லை' என்று நின்றுவிடும். அப்போது பழைய டெலீட்டை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இந்தத் தாமதம்தான் தவறான கருத்தைக் காப்பாற்றிக்கொண்டே வருகிறது. அழித்தவர் தன் செயலின் விளைவை ஒருபோதும் அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. கணினி 'பழசாகிவிட்டது' என்ற முடிவோடு புதிது வாங்கப் போய்விடுகிறார்.

வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரும் இப்படித்தான் வீண்பழி சுமக்கிறது. பல ஜிபி இடத்தை விழுங்குவதாக எக்ஸ்புளோரர் காட்டும். ஆனால் அதிலுள்ள ஃபைல்களில் பெரும்பகுதி, விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களில் தெரியும் அதே ஃபைல்கள். ஒரே பொருளுக்கு இரண்டு வாசல் வைத்திருப்பதால் எக்ஸ்புளோரர் இரண்டு முறை எண்ணுகிறது. அதைச் சுருக்க விண்டோஸிலேயே டிஸ்க் கிளீனப் இருக்கிறது. கையால் அள்ளி எறிந்தால் அடுத்த அப்டேட்டே ஏறாமல் போகலாம்.

தயாரிப்பு நிறுவனங்கள் வைத்தனுப்பும் ஃபோல்டர்களும் புதிரான பெயர்களோடுதான் வருகின்றன. ஹெச்பி கணினிகளில் எஸ்டபிள்யூசெட்டப், ஏசஸில் இசப்போர்ட், ஏசரில் ஓஇஎம். இன்டெல் என்றொரு ஃபோல்டர் பல கணினிகளில் சில லாக் ஃபைல்களோடு கிடக்கும். விண்டோஸின் பெர்ஃப்லாக்ஸ் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். முதல் மூன்றிலும் பொதுவாக டிரைவர்களும் அந்தந்த நிறுவனத்தின் கருவிகளும் இருக்கின்றன. விண்டோஸை மறுபடி நிறுவ நேரும் நாளில் அவற்றின் அருமை தெரியும். வைஃபை டிரைவர் இல்லாமல் இணையத்துக்குப் போக முடியாது. இணையத்துக்குப் போகாமல் வைஃபை டிரைவரை இறக்க முடியாது. அந்த முடிச்சை அவிழ்ப்பது, அழித்துவிடலாம் என்று உறவுக்காரர் சொன்ன அந்த ஃபோல்டர்தான்.

இனி மறுமுனை. உண்மையான தீங்கு எந்தப் பெயரில் வந்தது?

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டருக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ பென் டிரைவ் கொண்டுபோனவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகினால் எல்லா ஃபோல்டரும் வைத்த இடத்தில் இருப்பதுபோல் தோன்றும். 'போட்டோஸ்' இருக்கும், 'ப்ராஜெக்ட்' இருக்கும், 'நியூ ஃபோல்டர்' இருக்கும். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் ஐகானோடு உட்கார்ந்திருந்தவை இயங்கு ஃபைல்கள். ஃபைல் பெயரின் கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைப்பதால் வித்தியாசம் கண்ணில் படாது. இரட்டைக் கிளிக் செய்த கணத்தில் கணினிக்குள் குடியேறிவிடும். தெரியாத பெயரையே சந்தேகிக்கப் பழகியவரை, அவரே வைத்த பெயரால் ஏமாற்றினார்கள். வைரஸ் எழுதுபவருக்குப் புரியாத பெயர் வைக்க என்ன அவசியம்? விண்டோஸின் சொந்தச் சேவையான எஸ்விசிஹோஸ்ட்டின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு ஃபோல்டரில் ஒளிந்திருந்த தீநிரல்கள் எத்தனையோ.

இது பென் டிரைவ் காலத்தோடு முடிந்த கதை இல்லை. வீட்டுக் கணினியில் முன்கூட்டியே ஏற்றிவந்த மென்பொருள்களில் பெரிய அவமானமாகப் பதிவானது சூப்பர்ஃபிஷ். 2014-இன் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த லெனோவோ லேப்டாப்கள் பலவற்றில் அது தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் 'லெனோவோ', அதற்குள் 'விஷுவல் டிஸ்கவரி'. எவருக்கும் சந்தேகம் தராத, மரியாதையான பெயர். மூடியில் பொறித்த பெயரே ஃபோல்டரிலும் இருந்தால் யார் அழிப்பார்கள்?

அது செய்த வேலை, பார்க்கும் இணையப் பக்கங்களில் கடை விளம்பரங்களைச் செருகுவது. வங்கிப் பக்கம் போன்ற மறையாக்கப் பக்கங்களுக்குள்ளும் நுழைவதற்காக, விண்டோஸ் முழுமையாக நம்பும் மூலச் சான்றிதழ்களின் வரிசையில் தன் சான்றிதழையும் அது சேர்த்துக்கொண்டது. கணினிக்கும் வங்கிக்கும் நடுவே நின்று, இந்தப் பக்கம் வங்கியாகவும் அந்தப் பக்கம் வாடிக்கையாளராகவும் நடித்தது. பிரவுசரில் பூட்டுப் படம் வழக்கம்போல் தெரியும். எல்லாக் கணினிகளிலும் அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி ஒன்றேதான் என்பது 2015 பிப்ரவரியில் வெளியானது. பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் சில மணி நேரத்தில் அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்துகொடுத்த 'கொமோடியா' நிறுவனத்தின் பெயரே கடவுச்சொல்! சாவி கையில் இருந்தால், ரயில் நிலைய வைஃபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட அந்த லேப்டாப்புக்கு வங்கியாக நடிக்கலாம்.

'அழித்துவிடு' என்ற மருந்து இங்கே முற்றிலும் தோற்றது. விஷுவல் டிஸ்கவரி ஃபோல்டரை அழித்தாலும், ஏன், மென்பொருளை முறைப்படி நீக்கினாலும்கூட, மூலச் சான்றிதழ் விண்டோஸுக்குள் அப்படியே இருந்தது. விளம்பரம் நின்றுவிடும், கதவு திறந்தே கிடக்கும். விளம்பரம் நின்றதைப் பார்த்து நிம்மதியானவர், உள்ளதிலேயே ஆபத்தான நிலையில் இருந்தார். மைக்ரோசாஃப்ட் தன் டிஃபெண்டர் ஆன்டிவைரஸை அவசரமாக மாற்றி, மென்பொருளையும் சான்றிதழையும் சேர்த்து நீக்கச் செய்தது. லெனோவோவும் ஒரு நீக்கும் கருவியை வெளியிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளில் 'ஈடெல்ரூட்' என்ற சான்றிதழ் அகப்பட்டது. வாடிக்கையாளர் உதவிக்கு அழைக்கும்போது கணினியின் மாதிரியை எளிதாக அறியவே அதை வைத்ததாக நிறுவனம் விளக்கி மன்னிப்புக் கேட்டது. அதிலும் ரகசியச் சாவி கணினியிலேயே இருந்தது. சான்றிதழைத் தேடிப் பிடித்து நீக்கியவர்களுக்கு இன்னோர் அதிர்ச்சி காத்திருந்தது. டெல்லின் வேறொரு ஃபைல் அதை மறுபடி நிறுவிவிட்டது. முதலில் அந்த ஃபைலை நீக்கி, பிறகு சான்றிதழை நீக்கினால்தான் போகும். எது எதை இயக்குகிறது என்று அறியாமல் வைக்கும் கை, எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை.

2017 மே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் மோட்ஜீரோ நிறுவனம் வெளியிட்டது இன்னும் கலக்கமானது. சில ஹெச்பி லேப்டாப்களில் கோனெக்சன்ட் ஆடியோ டிரைவரோடு வந்த 'மைக்ட்ரே' என்ற ஃபைல், மைக்கை அணைக்கும் பொத்தான் அழுத்தப்படுகிறதா என்று பார்ப்பதற்காக எல்லாப் பொத்தான்களையும் கவனித்தது. கவனித்ததோடு நிற்காமல், தட்டிய எழுத்துகளை எல்லாம் பயனர் யாரும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரில் ஒரு லாக் ஃபைலாக எழுதியும் வைத்தது. கடவுச்சொற்களும் அதில் அடக்கம். பேர் என்னவோ ஆடியோ டிரைவர். இருந்த இடம், எவரும் கைவைக்கத் தயங்கும் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டர்.

ஏசஸின் கதையில் பெயர், இடம், கையொப்பம் மூன்றுமே சரியாக இருந்தன. 2018 ஜூன் முதல் நவம்பர் வரை அந்த நிறுவனத்தின் லைவ் அப்டேட் வழியாக, நிறுவனத்தின் உண்மையான டிஜிட்டல் கையொப்பத்தோடு, ஊடுருவியவர்களின் நிரல் கணினிகளுக்குள் இறங்கியது. 2019-இல் இதை வெளிப்படுத்திய காஸ்பர்ஸ்கி, தன் பயனர்களில் மட்டும் 57,000-க்கு மேற்பட்டோர் அதை நிறுவியிருந்ததாகச் சொன்னது. நிரலுக்குள் பொதிந்திருந்த இலக்குப் பட்டியலிலோ சுமார் 600 கணினிகளின் முகவரிகளே இருந்தன.

இவை அத்தனையும் தெரிந்த பெயர்கள், கடை ரசீதில் இருக்கும் பெயர்கள். கண்ணுக்குப் பழகாததைத் தேடிக்கொண்டிருந்தவர் இவற்றில் ஒன்றைக்கூடப் பிடித்திருக்க முடியாது.

இந்த இடத்தில் சர்வீஸ் கடைக்காரர் குறுக்கிடுவார்: 'எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? ஃபார்மட் போட்டு புது விண்டோஸ் ஏத்திட்டா தீர்ந்தது.' ஒரு பங்கு உண்மை இதில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைச் சுத்தமாக நிறுவியிருந்தால் சூப்பர்ஃபிஷும் அதன் சான்றிதழும் போயிருக்கும். ஆனால் நிறுவனமே தந்த ரெகவரி பகுதியிலிருந்து மீட்டால், தொழிற்சாலையில் ஏற்றிய அத்தனையும் திரும்பி வந்துவிடும். அதற்கும் மேலே போனது, 2015-இல் அம்பலமான லெனோவோ சர்வீஸ் எஞ்சின். அது ஹார்ட் டிஸ்கில் இல்லவே இல்லை. மதர்போர்டின் பயாஸில் இருந்தது. விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட் தந்த ஒரு வசதியைப் பயன்படுத்தி, கணினி தொடங்கும்போதெல்லாம் தன் ஃபைல்களை சிஸ்டம்32-க்குள் எழுதிக்கொண்டது. ஃபோல்டரை அழித்தாலும் வரும். டிஸ்கை முழுதாகத் துடைத்துப் புது விண்டோஸ் ஏற்றினாலும் வரும். பயாஸை அப்டேட் செய்தபின்தான் போனது.

இன்னொரு எதிர்வாதம் கூடுதல் மரியாதைக்குரியது. வீட்டில் கணினி வைத்திருக்கும் இல்லத்தரசியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ இத்தனையையும் எப்படிச் சோதிப்பார்கள்? அவர்களுக்கு எளிமையாக ஒரு விதி வேண்டாமா? வேண்டும். ஆனால் அழிப்பது எளிமையான வேலை என்பதுதான் மயக்கம். பத்து விநாடியில் முடிவதால் எளிமையாகத் தோன்றுகிறது. ஒரு ஃபோல்டரை அடையாளம் காண்பதும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பத்து நிமிடப் பொறுமைதான் அதற்கு வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, வைத்தது யார் என்று. ஃபோல்டரின் உள்ளே இருக்கும் இயங்கு ஃபைலை வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால், 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதியில் கையொப்பமிட்ட நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தப் பகுதியே இல்லை என்றால் சந்தேகத்துக்கு ஒரு காரணம் கூடுகிறது. ஏசஸ் கதைக்குப் பிறகு, கையொப்பம் இருப்பதையே நற்சான்றாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. யார் என்பதை அது சொல்லும். என்ன செய்கிறார் என்பதைச் சொல்லாது. ஃபோல்டர் உருவான தேதியும் உதவும். விண்டோஸ் ஃபோல்டரின் தேதியை ஒட்டியே அதுவும் இருந்தால் தொழிற்சாலையிலிருந்தோ முதல் அமைப்பின்போதோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓர் அப்டேட் இறங்கிய நாளோடு பொருந்தினால், இனெட்பப் போல அப்டேட்டின் வேலையாக இருக்கலாம்.

அடுத்தது, அது இயங்குகிறதா என்பது. சும்மா கிடக்கும் டிரைவர் ஃபோல்டருக்கும் கணினி தொடங்கும்போதே கூடவே எழுந்து இணையத்தோடு பேசும் நிரலுக்கும் நிறைய தூரம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதி அதைக் கொஞ்சம் காட்டும். முழுதாகக் காட்டுவது ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச்சும் ஒரு நண்பரும் தொடங்கி, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்ட சிஸ்இன்டர்னல்ஸின் இலவசக் கருவி அது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டவற்றை மறைக்கச் சொன்னால், மிஞ்சுவது ஒரு கைப்பிடிப் பெயர்கள்தான். அவற்றையே வைரஸ்டோட்டலில் பல ஆன்டிவைரஸ்களிடம் கேட்டும் பார்க்கலாம். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றக் கூடாது. ஏற்றியது மற்றவர் கைக்கும் போகும்.

நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியல் வழியாக நீக்க வேண்டும். ஃபோல்டரை நேரடியாக அழிக்கக் கூடாது. ஐட்யூன்ஸோடு வந்துசேரும் ஆப்பிளின் பான்ஜூர் இதற்கு நல்ல உதாரணம். முன்பெல்லாம் சர்வீஸ்கள் பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான எண்ணெழுத்துக் கோவை ஒன்று தெரியும். பார்த்தவர் வைரஸ் என்றே பயந்தார். வீட்டு நெட்வொர்க்கில் பிரின்டரையும் மற்ற சாதனங்களையும் கண்டுபிடித்துத் தரும் சேவை அது. தேவையில்லை என்றால் ஒரு கிளிக்கில் முறைப்படி வெளியேற்றலாம்.

தேடுபொறியில் ஃபைலின் பெயரைப் போட்டுத் தேடுவது மட்டும் போதாது. 'இது வைரஸா?' என்ற தலைப்போடு ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் ஒரு பக்கம் வைத்து, கடைசியில் தங்கள் 'கிளீனர்' மென்பொருளை இறக்கச் சொல்லும் தளங்கள் நிறைய. பயம்தான் அவற்றின் வியாபாரம். கையொப்பத்தில் இருக்கும் நிறுவனத்தின் சொந்த உதவிப் பக்கத்தில் தேடுவது மேல்.

இவ்வளவு சுமையையும் வாங்கியவர் தலையில் ஏற்றுவது நியாயமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. நியாயமில்லை. மக்களுக்கு இந்தத் தவறான பழக்கம் வந்ததில் நிறுவனங்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. காசு கொடுத்து வாங்கிய கணினியில் என்னென்ன ஏற்றியிருக்கிறார்கள், எது எதற்கு என்று வாங்கியவர் மொழியில் ஒரு தாள் பெட்டிக்குள் இருப்பதில்லை. 2016-இல் டியோ செக்யூரிட்டி ஆய்வாளர்கள் ஏசர், ஏசஸ், டெல், ஹெச்பி, லெனோவோ ஆகிய ஐந்து நிறுவனங்களும் முன்கூட்டி ஏற்றி அனுப்பிய அப்டேட் கருவிகளைச் சோதித்தார்கள். ஐந்திலும் பெரிய ஓட்டைகள் இருந்தன. சூப்பர்ஃபிஷ் விவகாரத்தில் அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையமும் 32 மாநிலங்களும் 2017 செப்டம்பரில் லெனோவோவோடு சமரசம் செய்துகொண்டன. தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டியது. இப்படிப்பட்ட மென்பொருளை ஏற்றுமுன் வாங்கியவரின் சம்மதத்தைப் பெற வேண்டும், முன்கூட்டி ஏற்றும் மென்பொருளின் பாதுகாப்பை 20 ஆண்டுகளுக்கு வெளியார் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஒரு நாட்டில், ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வந்த ஆணை அது. சம்மதம் கேட்பது எல்லா நிறுவனங்களுக்கும் எல்லா நாட்டிலும் சட்டமாக வேண்டும்.

மைக்ரோசாஃப்டும் இதில் விலக்கில்லை. இனெட்பப் என்ற வெற்று ஃபோல்டருக்குள், 'இது பாதுகாப்பு அப்டேட்டுக்காக உருவாக்கப்பட்டது, அழிக்க வேண்டாம்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்திருந்தால் போதும்; எத்தனையோ பேர் டெலீட் பொத்தானிலிருந்து கையை எடுத்திருப்பார்கள். அப்போது அழித்தவர்கள் இப்போதும் சரிசெய்யலாம். கன்ட்ரோல் பேனலில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலைத் திறந்து, இன்டர்நெட் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ் என்பதற்கு டிக் போட்டு ஓகே கொடுத்தால், ஃபோல்டர் சரியான உரிமைகளோடு சி டிரைவில் திரும்ப வந்துவிடும். வந்தபின் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால், சர்வர் சேவை அணைந்துவிடும். ஃபோல்டர் இருந்த இடத்தில் இருக்கும்.